கோரிக்கை இல்லாத மனு

முதல் ஓலை வாசித்த ஞாயிற்றுக்கிழமை பொன்னிக்கு நெஞ்சுக்குள் பனிக்கட்டி வைத்த மாதிரிக் குளுகுளுவென்று இருந்தது. மூன்று வருஷமாக அவள் காத்துக் கிடந்த சந்தர்ப்பம், தன் காலாலேயே நடந்து வந்து, சபையின் கடைசிப் பாயில் தலை குனிந்து உட்கார்ந்திருந்தது.

"அடி அண்ணாமலை ஊரைச் சேர்ந்த வேணு என்கிற சகோதரன் ஞானஸ்நானம் பெற விரும்புகிறார். இது முதலாம் ஓலை. ஆட்சேபணை உள்ளவர்கள் மூன்றாம் ஓலைக்குள் சபையில் தெரிவிக்கலாம்" என்று போதகர் ராஜா நிறுத்தி நிதானமாகப் படித்தார்.

மூன்று ஞாயிறு ஓலை வாசிப்பது கல்யாணத்துக்குத்தான் வழக்கம். ராஜா போதகர் மட்டும் ஞானஸ்நானத்துக்கும் வாசிப்பார். முன்பொரு தடவை ஒருத்தனுக்கு அவசர அவசரமாக ஞானஸ்நானம் கொடுத்துவிட்டார். அவன் வேட்டியின் ஈரம் காய்வதற்குள் இரண்டு பெண்டாட்டிகள் இரண்டு பக்கமிருந்து வந்து வாசலில் தலைமயிரைப் பிடித்துக்கொண்டார்கள். அன்றிலிருந்து இந்த ஏற்பாடு. "தண்ணியில முக்கறதுக்கு முன்னாடியே அழுக்கு இன்னான்னு தெரிஞ்சிடணும்" என்பார்.

ஆட்சேபணை என்ற வார்த்தை பொன்னிக்குத் தண்ணீர் பட்டபாடு. வேங்கிக்காலில் கலெக்டர் ஆபீஸுக்கு எதிரே மேஜை போட்டு மனு எழுதித் தருவது அவள் பிழைப்பு. பட்டா மாற்றத்துக்கு ஆட்சேபணை, வாரிசுச் சான்றுக்கு ஆட்சேபணை என்று ஊரார் வயிற்றெரிச்சலை எல்லாம் வரிசைப்படுத்தி வெள்ளைத் தாளில் இறக்குவாள். இப்போது தன் வயிற்றெரிச்சலை இறக்க வேண்டிய முறை.

வேணு, பொன்னியின் புருஷன் பிரகாஷுக்கு உடன்பிறந்த அண்ணன். பிரகாஷ் ஆட்டோ ஓட்டியவன். கல்யாணத்துக்கு அப்புறம் பொன்னியோடு சபைக்கு வந்து, மனசாரச் சேர்ந்து, ஞானஸ்நானமும் எடுத்தான். அண்ணன்காரனுக்கு அப்போதே முகம் சுண்டிப் போயிற்று. மஞ்சள் காமாலை முற்றி பிரகாஷ் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, மருந்து வாங்க பொன்னி கீழே இறங்கிய நேரத்தில் உயிர் பிரிந்தது. பக்கத்தில் இருந்தவன் வேணு ஒருத்தன்தான். பொன்னி மாடியேறி வருவதற்குள் அவன் வராந்தாவில் கூடியிருந்த பங்காளிகளிடம் சொல்லி முடித்திருந்தான்.

"தம்பி கடைசியில மனசு மாறிட்டான். அண்ணாமலையாரேன்னு கூப்பிட்டுத்தான் கண்ண மூடினான். நம்ம முறைப்படியே செஞ்சிடுங்கன்னு கேட்டுகினான்."

அதற்குமேல் யார் பேச முடியும்? உடம்பை ஊருக்குக் கொண்டுபோய் மேளம் வைத்து எரித்தார்கள். போதகரும் சபையார் நாலைந்து பேரும் ஊர் எல்லையில் நின்று கெஞ்சிப் பார்த்தார்கள். பொன்னி பாடைக்குக் குறுக்கே விழுந்தாள். "செத்தவனே சொல்லிட்டான், நடுவுல நீ யாரு?" என்று பங்காளி மணிவேல் அவள் கையைப் பிடித்து இழுத்து ஓரமாகப் போட்டான்.

எரித்ததைக்கூட அவள் ஒரு நாள் செரித்திருப்பாள். அந்த வார்த்தையைத்தான் செரிக்க முடியவில்லை. சபையிலேயே சில பேர் அவளைக் கண்டால் பார்வையைத் தாழ்த்திக்கொண்டார்கள். பாவம், புருஷன் கடைசி நேரத்தில் பின்வாங்கிவிட்டான் என்கிற பார்வை. ஈஸ்டர் விடியலில் எல்லோரும் பூவும் மெழுகுவத்தியுமாகக் கல்லறைத் தோட்டத்துக்குப் போகும்போது, அவளுக்குப் போய் நிற்க ஓர் இடமில்லை. அதையெல்லாம்விட மோசம் ஒன்று உண்டு. தனியாகச் சாப்பிட உட்காருகிற நேரங்களில் அவளுக்கே ஒரு சந்தேகம் தலைகாட்டும். ஒருவேளை நிஜமாகவே சொல்லியிருப்பானோ?

வேணுவை "மாமா" என்று கூப்பிட்ட வாய் அன்றோடு "அந்தாளு" என்று மாற்றிக்கொண்டது.

அந்த ஆள்தான் ஒரு வருஷத்துக்கு முன்னால் சபைக்கு வர ஆரம்பித்தான். தூக்கமில்லை, எந்த வேலையிலும் மனசு நிற்கவில்லை என்று போதகரிடம் அழுதானாம். சபையாருக்கு ஒரே ஆனந்தம். "ஸ்தோத்திரம் பிரதர்" என்று ஆளாளுக்குக் கையைப் பிடித்துக் குலுக்கினார்கள். என் புருஷனுக்குக் கொள்ளி வைத்த கை அது என்று பொன்னிக்கு நாக்கு நுனிவரை வந்தது. விழுங்கிக்கொண்டாள். பொறுமையால் அல்ல. வாசலில் நிற்கிறவனைத் தள்ளினால் நாலடி தள்ளி விழுந்து எழுந்து போய்விடுவான். படியேறி மேலே வந்தவனைத் தள்ளினால்தான் எலும்பு முறியும். அவன் ஏறட்டும் என்று விட்டு வைத்தாள்.

மறுநாள் திங்கட்கிழமை, மக்கள் குறைதீர் கூட்டம். கலெக்டர் ஆபீஸ் வாசலில் கால் வைக்க இடமில்லை. பக்கத்து ஜெராக்ஸ் கடை ரூபீனா, பொன்னியின் முகத்தைப் பார்த்ததும் மெஷினை நிறுத்திவிட்டு எட்டிப் பார்த்தாள்.

"இன்னாக்கா, மூஞ்சில இன்னைக்கு களை ஜாஸ்தியா கீது? யாருக்குனா குழி வெட்டிட்டியா?"

"நான் வெட்டல. அவனே வந்து படுத்துகினான். மண்ணு தள்றதுதான் பாக்கி."

"யா அல்லா! கோயில் குளம்னு போறவங்க பேசற பேச்சா இது?"

"கோயில் குளம் இல்லடி, சபை."

"ரெண்டுலயும் இந்தப் பேச்சு பேசக் கூடாதுக்கா."

அதற்குள் எல்லம்மாள் என்று ஒரு அம்மாள் மேஜையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பக்கத்து நிலத்துக்காரன் வாய்க்காலை அடைத்துவிட்டான் என்று ஆரம்பித்து அவன் பாட்டன் வரைக்கும் திட்டி முடித்தாள். பொன்னி பொருள் எழுதினாள், சம்பவம் எழுதினாள், கீழே வந்து பேனாவை நிறுத்தினாள்.

"கோரிக்கை இன்னாம்மா?"

"அவன் நாசமாப் போவணும்."

"அத கலெக்டர் செய்ய மாட்டாரு. ஒனக்கு இன்னா வேணும்? அதச் சொல்லு."

"அவன் நாசமாப் போறதுதான் எனக்கு வேணும்."

"கோரிக்கை இல்லாத மனு குப்பைக்குத்தான் போவும். வாய்க்கால தொறந்து வுடணும்னு எழுதறேன். கைநாட்டு வை."

எல்லம்மாள் அரை மனசாகத்தான் கட்டைவிரலை நீட்டினாள்.

புதன்கிழமை சாயங்காலம் பஸ்ஸுக்கு நிற்கும்போது வேணு வந்தான். கையைப் பிசைந்துகொண்டே கொஞ்சம் தள்ளி நின்றான்.

"பொன்னி, ஒரு வார்த்த பேசணும். சபையில சொல்றதுக்கு முன்னாடி ஒங்கிட்ட..."

"எதுவா இருந்தாலும் சபையில சொல்லு."

"அது இல்லமா, நீதான் மொதல்ல..."

"நகரு. பஸ் வருது."

ஏறி உட்கார்ந்து, ஜன்னல் கண்ணாடியையும் இழுத்து மூடினாள்.

இரண்டாம் ஓலை வாசித்து முடித்ததும், போதகர் அடுத்த அறிவிப்புக்குத் தாளைத் திருப்பினார். பொன்னி எழுந்து நின்றாள்.

"எனக்கு ஆட்சேபணை இருக்கு."

விசிறிக்கொண்டிருந்த கைகள் நின்றன. போதகருக்கு வியர்த்தது. பழைய இரண்டு பெண்டாட்டிகள் நினைவு வந்திருக்க வேண்டும்.

"சிஸ்டர், ஆராதனை முடிஞ்சப்புறம் தனியா பேசலாமே..."

"தனியா எதுக்குங்க ஐயா? ஓலைய தனியாவா வாசிச்சீங்க?"

சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு, மனுவுக்குச் சொல்கிற மாதிரி வரிசையாகச் சொன்னாள். ஆஸ்பத்திரி, அந்த வராந்தா, அங்கே சொல்லப்பட்ட வார்த்தை, ஊர் எல்லை, எரிந்த சிதை. ஒன்றும் விடவில்லை, ஒன்றும் கூட்டவில்லை. கடைசியில் கடைசிப் பாயைப் பார்த்துத் திரும்பினாள்.

"எம் புருஷன் சாவும்போது சொன்னதா அந்தாளு சொன்னது நெஜமா, பொய்யா? அவரு வாயால சொல்லட்டும். அப்புறம் தண்ணியில எறங்கட்டும்."

மென்று விழுங்குவான், மழுப்புவான், அப்போது பிடித்து உலுக்கலாம் என்று அவள் கணக்குப் போட்டு வைத்திருந்தாள். வேணு எழுந்தான்.

"பொய்தாங்க" என்றான்.

பாயை விட்டு இரண்டடி முன்னால் வந்தான்.

"தம்பி யாரையும் கூப்பிடல. என்னத்தான் கூப்பிட்டான். 'அண்ணா, என்ன பொதைச்சிடு, எரிச்சிடாத. பொன்னி வந்து நிக்கறதுக்கு ஒரு எடம் வேணும்'னு சொன்னான். சரிடான்னு அவன் கையில அடிச்சி சத்தியம் பண்ணேன். பண்ணிட்டுத்தான் வெளிய வந்தேன். பங்காளிங்க எல்லாம் நின்னுகினு இருந்தாங்க. தம்பிய அடக்க வக்கில்லாத பெரியவன்னு ஊர்ல காறித் துப்புவாங்கன்னு பயந்துட்டேன். வாயில வந்துடுச்சி. சொல்லிட்டேன். அத சொல்லத்தான் புதன்கிழமை..." என்று பொன்னியைப் பார்த்தவன், மேலே சொல்லாமல் தலையைக் குனிந்துகொண்டான்.

பொன்னி வந்து நிக்கறதுக்கு ஒரு எடம்.

 மூன்று வருஷமாக உள்ளே அரித்துக்கொண்டிருந்த சந்தேகம் ஒரே வாக்கியத்தில் செத்து விழுந்தது. ஆனால் ஆறுதல் வரவில்லை, ஆங்காரம்தான் இரண்டு பங்காக வந்தது. கடைசி வார்த்தையில் என் பெயரைச் சொல்லியிருக்கிறான். அதைக்கூட இந்த ஆள் மூன்று வருஷம் தன் வாயிலேயே அடைத்து வைத்திருந்தானே!

போதகர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "சகோதரன் அறிக்கை செஞ்சிட்டாரு. சிஸ்டர், இப்ப ஒங்க கோரிக்கை இன்னா? ஒங்களுக்கு இன்னா வேணும்?"

பொன்னி வாயைத் திறந்தாள்.  பொருள் இருந்தது, சம்பவம் இருந்தது, அதற்குக் கீழே வெறும் தாள். ஊருக்கெல்லாம் கேட்கிற கேள்வியை அவள் தன்னைக் கேட்டுக்கொள்ளவே இல்லை. தேடித் துழாவினால் எல்லம்மாள் சொன்னதுதான் உள்ளே கிடந்தது. அவன் நாசமாப் போவணும். அதைச் சபையில் எப்படிச் சொல்வது? ஒன்றும் சொல்லாமல் உட்காருவதும் எப்படி?

"மனந்திரும்பிட்டாரு, மனந்திரும்பிட்டாருன்னு சொல்றீங்களே ஐயா" என்று ஆரம்பித்தாள். "மனசு திரும்பினா போதுமா? ஆளு திரும்ப வேணாமா? பொய்ய சொன்னது ஊர்ல. நெஜத்த மட்டும் இங்க வந்து கொட்டினா எப்படி? அடி அண்ணாமலைக்கே திரும்பிப் போவட்டும். வர்ற பௌர்ணமிக்கு பங்காளிங்க எல்லாம் மோர் ஊத்த அந்தாளு டீக்கடையில கூடுவாங்க இல்ல? அவங்க நடுவுல நின்னு சொல்லட்டும். நானும் வந்து கேக்கறேன்."

கேட்டவர்களுக்கு நியாயமான கோரிக்கையாகத்தான் பட்டது. பொன்னிக்கு மட்டும் தெரியும், அது கோரிக்கை இல்லை. அங்கே சொன்னால் அவன் தோலை உரித்துவிடுவார்கள் என்று தெரிந்துதான் சொன்னாள்.

"சொல்றேன்" என்றான் வேணு.

பௌர்ணமி அன்று நண்பகல் தாண்டியதிலிருந்தே கிரிவலப் பாதையில் ஜனம் அலையலையாக வந்தது. வண்டி எதையும் விடவில்லை. பொன்னி கூட்டத்தோடு நடந்தாள். "செருப்பப் போட்டுகினு சுத்தறியேம்மா" என்று பின்னால் வந்த ஒருத்தி கடிந்துகொண்டாள். நான் சுற்ற வரவில்லை, ஒருத்தன் அடி வாங்குவதைப் பார்க்க வந்தேன் என்று சொல்லவா முடியும்? கழற்றிப் பைக்குள் போட்டுக்கொண்டாள். சின்னச் சின்னக் கற்கள் உள்ளங்காலில் ஏறின.

வேணுவின் கடையில் அவன் பெண்டாட்டி ரேவதி டீ ஆற்றிக்கொண்டிருந்தாள். மணிவேலும் மற்றப் பங்காளிகளும் அண்டாவிலிருந்து மோர் மொண்டு போகிறவர்களுக்குக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். பொன்னியைப் பார்த்ததும் மணிவேலின் புருவம் சுருங்கியது. அவள் எதிர்ப்புறத்துப் புளியமரத்தடியில் நின்றுகொண்டாள். நன்றாகத் தெரியும் இடம்.

வேணு நடுவில் வந்து நின்று, கைகட்டி, சொன்னான். சபையில் சொன்ன அதே வார்த்தைகள்.

"குடிச்சிட்டு வந்துகிறியா?" என்றான் மணிவேல்.

"இல்ல மணி. அன்னைக்கு சொன்னதுதான் பொய். இது நெஜம்."

மணிவேலின் கையிலிருந்த சொம்பு அண்டாவுக்குள் விழுந்தது. அடுத்த நொடி வேணுவின் கன்னத்தில் அறை விழுந்தது. உதடு கிழிந்தது.

"டேய், செத்தவன் பேர்லயா பொய் சொன்ன? அந்தப் பொண்ண எல்லையில இழுத்துப் போட்டது நான்டா! ஒம் பேச்ச நம்பித்தானடா இழுத்தேன்! சாமி பேரையும் கெடுத்துட்ட, எங்களையும் பாவியாக்கிட்ட!"

"அடி, மணி. தப்பே இல்ல" என்றான் வேணு.

இன்னொரு அறை. ரேவதி ஆற்றிக்கொண்டிருந்த டீயைத் தரையில் வீசிக் கொட்டினாள். "இனி இந்தக் கடையில நீ கால் வைக்காத" என்றாள். போகிற ஜனமெல்லாம் நின்று பார்த்தது.

இனித்தது. பொய் சொல்வானேன், பொன்னிக்கு அது வெல்லத்தைக் கடித்த மாதிரி இனித்தது. இன்னொன்று விழாதா என்றுகூட இருந்தது. ஆனால் மணிவேல் ஓங்கிய கையை இறக்கிவிட்டு அவள் பக்கம் திரும்பினான்.

"தங்கச்சி, நான் அன்னைக்கு ஒன்ன..." என்றவன் கையெடுத்துக் கும்பிட்டான். அவனுக்கென்று அவள் கோபம் எதுவும் கட்டி எடுத்து வரவில்லை. என்ன செய்வதென்று தெரியாமல் முகத்தைத் திருப்பியபோது வேணு கண்ணில் பட்டான்.

அவன் ரத்தத்தைத் துடைக்கவில்லை. அழவும் இல்லை. தலையிலிருந்து மூட்டையை இறக்கிய சுமைக்காரன் மாதிரி நிமிர்ந்து, நெஞ்சு நிறைய ஒரு மூச்சு இழுத்து விட்டான். அந்த முகத்தில் அத்தனை லேசு.  தண்டனை என்று அவள் பார்த்துப் பார்த்துக் கொடுத்தது, அவனுக்கு விடுதலையாகப் போய்விட்டது. அவன் அவிழ்ந்துவிட்டான். கட்டி வைத்தவள் கயிற்றைக் கையில் சுற்றிக்கொண்டு இங்கே நிற்கிறாள்.

விறுவிறுவென்று அவன் முன்னால் போய் நின்றாள்.

"சாம்பல எங்க கரைச்சீங்க?"

"வேங்கிக்கால் ஏரியில."

"தெனம் அந்த ஏரி ஓரமாத்தான் பஸ்ல போறேன், வரேன். மூணு வருஷமா. ஒரு வார்த்த சொல்லக் கூடாதா?"

நீதான் பேச விடவில்லையே என்று அவன் சொல்லியிருந்தால், அங்கேயே அவனைக் கிழித்திருப்பாள். சொல்லுவான் என்றுதான் நின்றாள்.

"சொல்லியிருக்கணும். தப்புதான்" என்றான்.

அவள் திரும்பி நடந்தாள். செருப்பு பைக்குள் இருப்பதே வீடு போய்ச் சேரும்வரை நினைவுக்கு வரவில்லை.

சனிக்கிழமை வேலைக்குப் போகும்போது ஏரிக்கரையில் இறங்கிக்கொண்டாள். "இங்க ஸ்டாப்பிங் இல்லம்மா" என்று கண்டக்டர் முணுமுணுத்தான். தண்ணீர் கம்மியாக இருந்தது. நாரைகள் சேற்றைக் கொத்திக்கொண்டிருந்தன. பொன்னி கரையோரம் போய் நின்றாள். சண்டைதான் முதலில் வந்தது.

"போயும் போயும் அந்தாளுகிட்டதான் சொல்லணுமா? நான் மருந்து வாங்கிகினு வர்றவரைக்கும் பொறுக்க முடியலையா ஒனக்கு?"

நாரைகள் நகர்ந்துபோய்க் கொத்தின.

"நானும் ஒன்ன நம்பலய்யா" என்றாள், குரல் இறங்கி. "பொய் சொன்னது அவன்தான். அத நம்பினவ நான். சோறு தின்னும்போதெல்லாம் ஒன்ன சந்தேகப்பட்டேன். அதுக்கு அவன் மேல பழிய போட்டுட்டு சும்மா இருந்துட்டேன். அந்தப் பாவம் என்து. என்ன மன்னிச்சிடு. ஆண்டவரே, நீங்களும் கேட்டுக்கோங்க."

பேசிக்கொண்டே கரையில் உட்கார்ந்துவிட்டாள். எழுந்தபோது சேலை பூராவும் சேறு.

"எங்கக்கா புரண்டுட்டு வர?" என்றாள் ரூபீனா.

"எம் புருஷனப் பாத்துட்டு வரேன்."

ரூபீனா ஏதோ கேலி சொல்ல வாயெடுத்தவள், அவள் முகத்தைப் பார்த்துவிட்டு ஒரு டீ சொல்லி அனுப்பினாள்.

மூன்றாம் ஓலை. "ஆட்சேபணை உள்ளவர்கள் இப்போது தெரிவிக்கலாம்" என்று படித்துவிட்டுப் போதகர் தாளை மடிக்காமல் நின்றார். சபை முழுக்க பொன்னியைத்தான் பார்த்தது. வேணு பார்க்கவில்லை. உதட்டில் காயம் கருத்திருந்தது. ரேவதியும் வரவில்லை, ஊரிலிருந்து ஒருத்தரும் வரவில்லை.

ஒரு வார்த்தை போதும். இன்னும் ஒரு தடவை அவனைத் தண்ணீர் விளிம்பிலிருந்து திருப்பி அனுப்பலாம். அந்த வார்த்தை வாயில் புளித்துக்கொண்டுதான் இருந்தது. பொன்னி எழுந்தாள்.

"ஆட்சேபணை இல்ல."

"ஸ்தோத்திரம்! அல்லேலூயா!" என்று போதகர் கையை உயர்த்தினார். "சகோதரி மனப்பூர்வமா மன்னிச்சிட்டாங்க..."

"ஐயா, நான் சொல்லாதத நீங்க சேத்துக்காதீங்க. ஆட்சேபணை இல்லன்னுதான் சொன்னேன். மன்னிப்பு வேற மனு. அது இன்னும் எம் மேஜையிலதான் கீது."

பெண்கள் பக்கம் யாரோ வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். போதகருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. "மேஜைக்கு வந்துடுச்சி இல்ல? அது போதும்" என்றார்.

சபைக்குப் பின்னால் சிமெண்டுத் தொட்டி. பாட்டுப் பாடிக்கொண்டே எல்லோரும் சுற்றி நின்றார்கள். பொன்னி கூட்டத்தில் சேராமல் படிக்கட்டுப் பக்கம் சுவரோரமாக நின்றாள். போதகர் வேணுவின் தலையைத் தாங்கி, தண்ணீரில் முழுக்க அமிழ்த்தி எடுத்தார். அவன் முகத்தை வழித்துக்கொண்டு, கண்ணைத் திறக்காமலேயே படியேறினான். மேல் படியில் பச்சையாகப் பாசி படர்ந்திருந்தது. போன மாசம்தான் அதில் ஒருத்தர் விழுந்து முட்டியைப் பெயர்த்துக்கொண்டார். வேணுவின் ஈரக்கால் அதை நோக்கித்தான் வந்தது.

"பாத்து மாமா, படி வழுக்கும்!"

வேணு சட்டென்று சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றான். கண்ணைத் திறந்து அவளைப் பார்த்தான்.

பொன்னி யாரோ கூப்பிட்ட மாதிரி ரோட்டுப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.